ஆறாம் வீட்டுப் பலகைகள்

ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பத்து வீடு ஒட்டிக் கட்டிய புது லயத்தில், ஆறாம் வீட்டின் சுவர்ப் பலகைகள் ஒன்பது வருடம் ஓயாமல் சுருங்கின. ஐம்பத்தொன்றாம் வருடம் ஆகஸ்டு மாதம் தொடங்கியது, அவசரகாலம் முடிந்து முள்கம்பி வேலியைப் பிரித்த வருடத்தில்தான் நின்றது. நின்றது என்றால், அதற்குமேல் சுருங்கப் பலகை இல்லை. அதே மரம், அதே ஆணி, அதே தகரக் கூரை. மற்ற ஒன்பது வீடுகளில் பலகை ஒரு நூல் சுருங்கியதோடு சரி. ஆறாம் வீட்டில் குடியிருந்தது அந்த லயத்தைக் கட்டிய தச்சர் ராஃபேலும் அவர் மனைவி இசபெல்லும். அவர் வீடு மட்டும் ஏன் இப்படி என்று பக்கத்து ஊரான ஈஜோக்கிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம். இப்போது சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருந்து மட்டும் என்னத்தைக் கண்டோம்.

வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத் தோட்டத்திலிருந்து அரிசி போகிறதாம். அதனால் சிதறிக் கிடந்த பழைய லயங்களை இடித்து, எல்லாரையும் ஒரே வேலிக்குள் அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தோட்டத்து மேனேஜர் துரை, புது லயம் கட்ட ராஃபேலுக்குக் கொடுத்தது ஆறே வாரம். நிலம் ஈரமண் என்பதால் இரண்டடி உயரத்துக்குச் சிமெண்டுக் கட்டைகள் நட்டு, அதன்மேல் தரைப் பலகை அடித்தார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் எட்டடி. அதற்குமேல் தகரம்வரை காற்றோட்டத்துக்குத் திறப்பு. காற்று வந்ததோ இல்லையோ, முதல் வீட்டுத் தும்மல் பத்தாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. மரம்தான் பச்சை. அறுத்த பலகையை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி மூன்று மாதமாவது காயவிட வேண்டும். அந்த மூன்று மாதத்துக்கு எங்கே போவது? துரை பார்வையிட வந்தபோது ராஃபேல் பலகையை விரல் முட்டியால் தட்டிக் காட்டி, "நல்லா காஞ்ச மரம் தொர" என்றார். அந்தச் சொல்லுக்கு அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, வேலையோடு ஆறாம் வீடும் கிடைத்தது.

ஜூலையில் வெயில் கொளுத்தியது. பச்சை மரம் தன் குணத்தைக் காட்டியது. பத்து வீட்டிலும் தரைப் பலகைகளுக்கு நடுவே சந்து விழுந்தது. போட்ட ஊசி கீழே போய்விடும், படுத்தால் முதுகில் காற்று அடிக்கும். ஏழாம் வீட்டில் பால்வெட்டு வேலை செய்த ரெங்கசாமியும் சின்னத்தாயும் இருந்தார்கள். சின்னத்தாய் அரிசியை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து புடைப்பாள், சிந்தியதைக் கூட்டித் தள்ளும்போது கொஞ்சம் சந்து வழியே கீழே விழும். ஒரு மாதத்துக்குள் அது ஒரு பால் டின் அளவு சேர்ந்துவிட்டது. வேலிக்குள் இடமில்லை என்று துரை எங்கள் கோழிகளையெல்லாம் விற்கச் சொல்லியிருந்தார். இரண்டு கோழி இருந்திருந்தால் அந்த அரிசியைக் கொத்தித் தின்று ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும்.

ஆகஸ்டில் சோதனைக்கு வந்த போலீஸ்காரர்கள் லயத்துக்கு அடியில் படுத்து ஊர்ந்து பார்த்தார்கள். ஏழாம் வீட்டுக்குக் கீழே அரிசி, அதைக் கண்டதும் மற்ற வீடுகளின் அடியைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டார்கள். காட்டிலிருந்து வருகிறவன் அடியில் புகுந்து எடுத்துப்போகத்தான் ரெங்கசாமி பலகையை அறுத்துச் சந்து வைத்திருக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். அறுத்ததா, தானாக விழுந்ததா என்று கட்டியவனைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று ராஃபேலைக் கூப்பிட்டார்கள். துரை பக்கத்தில் நின்றார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி தங்கராஜு கேள்வியைத் தமிழில் சொன்னார்: "ராஃபேல், இந்தச் சந்து நீ வேலை செஞ்சப்பவே இருந்ததா?" சின்னத்தாய், "சொல்லுங்கண்ணே, ஒங்களுக்குத் தெரியும்லா" என்றாள். பச்சை மரம் என்று சொன்னால் வேலை போகும், வீடு போகும், பொய்யன் என்று பேர் வரும். ராஃபேல் துரையின் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் சந்து விடல தொர" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் கிடையாது, விட்டது மரம்தான். ரெங்கசாமியை லோரியில் ஏற்றித் தடுப்புக் கேம்புக்குக் கொண்டு போனார்கள். விசாரணை கிடையாது, விடுதலைத் தேதி கிடையாது.

வெட்கக்கேட்டை முழுதாகச் சொல்லவேண்டும் அல்லவா. எங்கள் தரையிலும் அதே சந்து இருந்தது. யாராவது ஒருவர் இன்ஸ்பெக்டரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், "இங்க பாருங்க, எல்லார் வீட்டுலயும் இப்படித்தான்" என்று காட்டியிருந்தால் காரியம் முடிந்தது. ஒருத்தரும் காட்டவில்லை. லோரி கேட்டைத் தாண்டியதும் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? மரத்துக் கோப்பைகளில் உறைந்து கிடந்த ரப்பர்ப் பாலை எடுத்துவந்து, திரிதிரியாக உருட்டி, விளக்கு வைப்பதற்குள் அவரவர் வீட்டுச் சந்தை அடைத்துவிட்டோம். எட்டாம் வீட்டில் அடைத்தது நான்தான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சின்னத்தாய் அழுதுகொண்டிருந்தாள், மேல் திறப்பு வழியாக ஒரு விம்மல் விடாமல் கேட்டது. நான் கத்தி முனையால் ரப்பரை இன்னும் ஆழமாகக் குத்தினேன்.

மறுநாள் காலை ஆறாம் வீட்டுச் சுவரில் பலகைக்குப் பலகை தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி. ராஃபேலும் ரப்பர் வைத்தார். நிற்கவில்லை, கீழே விழுந்தது. கிறிஸ்துமஸுக்குள் விரல் நுழைந்தது. சுங்கை பெசார் மர ஆலையிலிருந்து பத்து வருடம் காய்ந்த பலகையாகப் பொறுக்கி வாங்கிவந்து அடித்தார், அடித்த அன்றே அதுவும் சுருங்கியது. அதைப் பிடுங்கி மூன்றாம் வீட்டில் அடித்துப் பார்த்தார்கள். அங்கே சமர்த்தாக இருந்தது. சாக்குத் தொங்கவிட்டால் சாக்கு இழை இழையாக விலகியது. அவர் சாப்பிடுவதும் சட்டை மாற்றுவதும் முழங்காலில் நின்று செபமாலை சொல்வதும் வழியில் போகிறவர்கள் கண்ணுக்கெல்லாம் பட்டன. மாதம் ஒருமுறை வரும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார். கோபப்பட்டேன், குடித்தேன், பூசைக்குப் பிந்தினேன் என்று எல்லாம் சொல்லிவிட்டு, மரத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல் திரும்புவார். இசபெல்தான் ஒருநாள் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "என்னாங்க, சாமிகிட்ட சொல்ல வாய் வரல, தொரகிட்டயாச்சும் போய்ச் சொல்லுங்களேன். பக்கத்து வீட்டுப் புள்ள மூஞ்ச நான் எப்படிப் பாக்குறது?" அவர் நாளைக்கு என்றார். நாளைக்கு, நாளைக்கு என்றே இரண்டு வருடம் மூன்று மாதம் ஓடியது.

ஐம்பத்து மூன்று நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமியைத் திருப்பி அனுப்பினார்கள். ஆள் பாதியாகியிருந்தார். கேட்டிலிருந்து நடந்து வந்தவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று எங்கள் தரையைப் பார்த்தார். ரப்பர் கறுத்துப்போய்க் கோடு கோடாகத் தெரிந்தது. பிறகு ஏழாம் வீட்டுக்குள் போய்ச் சின்னத்தாய் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவினார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுச்சுவரில் அப்போது ஒரு கை முழுதாக நுழையும். அந்தப் பக்கம் ராஃபேல் நின்றிருந்தார், ஒளிய இடமில்லாத ஆள்.

"ரெங்கசாமி, அது பச்ச மரம்பா. காஞ்சதுன்னு தொரகிட்ட நான் பொய் சொல்லியிருந்தேன். அதனாலதான் அன்னிக்கு..." என்றார் ராஃபேல்.

"தெரியும்ணே" என்றார் ரெங்கசாமி. "அன்னிக்கே தெரியும். அண்ணன் பயந்துட்டாரு, மறுநாளு சொல்லிடுவாருன்னு நெனச்சேன். கேம்புல கதவு தொறக்குற சத்தம் கேட்டா, அண்ணன் சொல்லிட்டாருன்னு எந்திரிச்சு நிப்பேன். ரெண்டு வருசமா எந்திரிச்சு நின்னேன்ணே."

ராஃபேல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலை ஆபீசுக்குப் போய்ச் சொல்லியும்விட்டார். அதற்குள் வேறு துரை வந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "இப்போது மரம் காய்ந்துவிட்டதல்லவா?" என்றார். காய்ந்துவிட்டது என்றார் ராஃபேல். "பிறகென்ன, வேலைக்குப் போ." வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் ரெங்கசாமிக்கு இரண்டு வருடம் மூன்று மாதமாகக் கொடுக்காமல் இருந்தார்.

சொல்லியும் பலகைகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஸ்கேல் அகலமானது, விளக்குமாற்றுக் குச்சி அளவானது, கடைசியில் தூணும் கூரையும் ஆணி வரிசையும்தான் மிச்சம். வேலியைப் பிரித்த அன்று தோட்டத்துக்கு வந்தவர்கள் அதை ஏதோ கொட்டகை என்று நினைத்தார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. நாங்களும் எத்தனையோ முறை கத்தியை வைத்து அந்த ரப்பரை நோண்டிப் பார்த்தோம். பலகை பெயர்ந்ததே தவிர ரப்பர் பெயரவில்லை, அதன்மேல்தான் இன்றும் பாய் விரிக்கிறோம். ரெங்கசாமி எங்கள் வீட்டுக்குள் அதன்பிறகு கால் வைத்ததில்லை. ஆனால் மழை சாய்ந்து அடிக்கும் நாட்களில், சுவர் இருந்த இடத்தில் நின்று, "அண்ணே, நனையாதீங்க, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிடுவார். ராஃபேலும் இசபெல்லும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏழாம் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.