ஜாஸ்மின் அடித்த பதினொரு கோல்கள்

ரோஸ்லின் இரண்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தபோதே மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாலைகளை வைக்க இடம் வேண்டுமாம். அவள் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபி கேனைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஃப்ரிட்ஜின் தலைமேல் தாளை வைத்து எழுதிப் பார்த்தாள். யாரோ பால் எடுக்கக் கதவைத் திறந்தார்கள். அங்கிருந்தும் கிளம்பினாள்.

மூன்று மணிக்குப் போதகர் வந்துவிடுவார். ஜெபம், பாட்டு, அதற்கப்புறம் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார். அந்தத் தெருவில் யார் செத்தாலும் வீட்டில் படித்த பிள்ளைதான் அதை எழுதித் தர வேண்டும். அவள் அப்பா இன்பராஜின் வீட்டில் பட்டம் வாங்கியவள் ரோஸ்லின் ஒருத்திதான். நேற்று சாயங்காலம் செத்துப்போன அக்காவைப் பற்றி இன்று மூன்று மணிக்குள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும். எந்தப் பரீட்சையிலும் அவளுக்கு இவ்வளவு மோசமான கேள்வி வந்ததில்லை.

முதல் வரி சுலபமாக வந்துவிட்டது. ஜாஸ்மின், வயது இருபத்தாறு, ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, மார்னிங் ஸ்டார் கால்பந்து கிளப்பின் முன்கள ஆட்டக்காரி. அதற்கு மேல்தான் சிக்கல்.

சிக்கலைக் காலையிலேயே ஞாபகப்படுத்திவிட்டுப் போனவர் சர்தார் பாஷா. கிளப்பின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் அவர்தான் மாஸ்டர். ஆஸ்பத்திரியில் வீட்டு ஆட்களைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். பின்புறத் தண்ணீர்க் குழாயடியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நோவைப் பத்தி ஒண்ணும் எழுதாத ரோசி. வேலூர்லேர்ந்து லீக் செகரட்டரி வர்றாரு. திடீர்னு போய்ட்டான்னு போட்டுடு."

ஜாஸ்மின் ஜனவரியில் பாலாறு லீக்குக்குப் பதிவு செய்து, போட்டோ ஒட்டிய கார்டு வாங்கினாள். பிப்ரவரியில் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. அவளைப் பார்த்துக்கொள்ள வேலூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த ரோஸ்லினும் ஆட்டக்காரிதான். ஆனால் வேலூர் கிளப் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரே சீசனில் இரண்டு கிளப்புக்கு ஆட முடியாது. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. கொண்டை போட்டால் பெற்ற தாயே ஒரு நொடி தடுமாறுவாள். மாஸ்டர் யோசித்தார். ரோஸ்லின் அக்காவின் கார்டோடு மைதானத்தில் இறங்கினாள். அவர்கள் ஊரான ஆம்பூரில் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டால் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டின் புள்ளிகளும் போய், கிளப்பே லீக்கை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

அப்படி ஜாஸ்மின் பதினொரு கோல் அடித்தாள். கோல் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

ரோஸ்லின் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கீழே ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் இரைந்தது. எழுந்தாள். இரண்டு படி ஏறி மறுபடி உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நேராகக் கட்டிலுக்கு வந்துவிட வேண்டும். அது ஜாஸ்மின் போட்ட சட்டம். "நான் எப்டி போட்டேன், சொல்லு" என்பாள். ரோஸ்லின் குளிக்காமல், சாக்ஸைக்கூடக் கழற்றாமல் சொல்வாள்: நீ இடது பக்கம் ஓடின, பேரணாம்பட்டு அஃப்ஷா உன் ஜெர்சியைப் பிடிச்சா, நீ திமிறிட்டுப் போன. ஜாஸ்மின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கால் விரல்களை அசைப்பாள். முதலில் இது விளையாட்டாக இருந்தது. ஐந்தாவது கோலுக்கு அப்புறம் ரோஸ்லினுக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. பேப்பரில் ஜாஸ்மின், மைக்கில் ஜாஸ்மின், பரிசுக் கோப்பையில் ஜாஸ்மின். ஓடி ஓடி நுரை தள்ளியது மட்டும் இவள்.

போன ஞாயிற்றுக்கிழமை கணுக்காலில் உதை வாங்கி, வீங்கிய காலோடு இரண்டு கோல் அடித்துவிட்டு வந்தாள். அக்கா வழக்கம்போலக் கேட்டாள். வலியோ, ஐந்து மாதப் பேஜாரோ, வாயில் வந்துவிட்டது.

"நீ எங்க போட்ட? நான் போட்டேன். பதினொண்ணும் நான் போட்டது."

ஜாஸ்மின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இரண்டு பேரும் மாத்திரை, தண்ணீர், ஆட்டோ என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்கும்போது சாய்ந்தவள்தான்.

அம்மா படிக்குக் கீழே வந்து நின்றாள். மாஸ்டர் சொன்னது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஊசி குத்திக் குத்தி அவ கையே கல்லாப் போச்சுடி. அதை எழுதாம இன்னா எழுதப் போற நீ?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

நோயை எழுதினால் கோல்கள் பொய். கோல்களை எழுதினால் ஐந்து மாத வாதை பொய். இரண்டையும் விட்டுவிட்டால் ஷூ கம்பெனியில் தைத்தாள், செத்தாள் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். அக்காவுக்கு அது போதுமா? ரோஸ்லினுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது. அப்பா இன்னொரு தாள் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் எழுதினாள். நிற்காமல், ஒரே மூச்சில், போதகரின் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் எழுதினாள்.

போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். தெரு முழுக்க ஆட்கள். ஆண்கள் அணி ஒரு பக்கமும் பெண்கள் அணி ஒரு பக்கமும் ஜெர்சியோடு நின்றிருந்தன. "பிப்ரவரி மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு மிகுந்த வேதனையைப் பொறுமையோடு சகித்தார்" என்று அவர் வாசித்தபோது சர்தார் பாஷா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வரி: "இந்த ஆண்டு பாலாறு லீக்கில் பதினொரு கோல்கள் அடித்தார்." போதகர் ஒரு விநாடி நிறுத்தினார். தாளைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் கர்த்தர் பொறுப்பில் விட்டவர்போல மேலே வாசித்தார்.

கூட்டத்தில் ஒரு தலை மட்டும் நிமிர்ந்தது. லீக் செகரட்டரி வக்கார் அகமது, கையில் மலர் வளையத்தோடு.

பாட்டு முடிந்ததும் அவர் வந்து வளையத்தைப் பெட்டிமேல் வைத்தார். உள்ளே இருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ரோஸ்லினின் முகத்தை. பிறகு அவள் கணுக்காலில் சுற்றியிருந்த கட்டை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குள் ஓடிவந்து அந்தக் காலுக்கு ஐஸ் வைக்கச் சொன்னதே அவர்தான். அவருக்குத் தெரிந்துவிட்டது, தனக்குத் தெரிந்துவிட்டதென்று அவளுக்குக் காட்டவும் செய்தார். அப்புறம்தான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆடுனது யாரும்மா?"

நான் என்று சொல்லலாம். சொன்னால் பதினொன்றும் அவளுடையது. மாஸ்டர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். ரோஸ்லின் அவரைப் பற்றியோ கிளப்பைப் பற்றியோ நினைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ஒரு முதுகு மட்டும்தான் மனதில் இருந்தது.

"அக்காதான் சார்."

வக்கார் அகமது தலையாட்டினார்.

"லிஸ்ட்ல மொதல்ல அவங்க பேருதான் இருக்கு. அப்படியே இருக்கட்டும். கார்டை மட்டும் நாளைக்கு அனுப்பிடுங்க."

அவ்வளவுதான். இனி யாரிடமும் போய் அது நான் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் துக்கமாக இருந்தது. அக்காவுக்காக மட்டுமல்ல, தனக்காகவும். அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை, முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

சவப்பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் அணி கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியது. ரோஸ்லின் நொண்டிக்கொண்டே நடுவில் புகுந்தாள். தெருமுனையில் முன்சக்கரம் சாக்கடை மூடியின் இடுக்கில் இறங்கி நின்றுவிட்டது. வக்கார் அகமது சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து, ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

"தள்ளுங்கம்மா" என்றார்.

தள்ளினார்கள்.