சலித்த மண்

"உள்ள கெடக்குறவுக வாழ்ந்து சலிச்சவுக. வெளிய நிக்கிற நாம மண்ணச் சலிக்கிறவுக. ரெண்டும் சலிப்புத்தானே ஆபீசரம்மா" என்றாள் சோணையம்மாள், சல்லடையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே.

மண் சுமந்த பெண்கள் சிரித்தார்கள். அமீனாவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. வெயில் இன்னும் ஏறவில்லை, அதற்குள் முதுகு விண்ணென்று தெறித்தது. நாச்சியாபுரத்துக்கு மேற்கே கிடந்த அந்தச் செம்மண் பொட்டலில் ரோட்டுக்குச் சரளை வெட்டப் போனவர்களின் கடப்பாரையில் ஒரு பானை வாய் தட்டுப்பட்டது. தொல்பொருள் ஆய்வுத் துறை அவளை அனுப்பிவைத்தது. மாசி முடியும்வரை பொறுப்பதாகச் சரளை ஒப்பந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் எடுத்த தாழி எடுத்ததுதான், மிச்சம் லாரிச் சக்கரத்துக்கு.

முதலில் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. பிணம் புதைத்த இடத்தைத் தோண்ட யார் வருவார்கள்? மேஸ்திரி கருத்தையாதான் வீடு வீடாகப் போய்ப் பேசினார். இது சுடுகாடு இல்லை, மொதுமக்கத் தாழி என்றார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவு வராது. இருநூறு, முந்நூறு வருஷம் வாழ்வார்கள். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிப் பூனைக்குட்டி அளவாகிவிடும். விளக்கு மாடத்தில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அவர்களே போதும் என்பார்கள். கொஞ்சம் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். "அற்பாயுசுல போனதுதான் ஆத்தாமையில அலையும். இதுக ஆண்டு அனுபவிச்சு, போதும்னு தானே குந்துனதுக. நம்மள என்ன செய்யப்போவுது?" என்றார் கருத்தையா. மறுநாளே ஆள் வந்தது. ஊர்க்காரர்கள் பயமில்லாமல் மண்வெட்டி பிடிப்பதற்குக் காரணமே, தான் பொய்யென்று நிரூபிக்க வந்த கதைதான் என்பது அமீனாவுக்குத் தெரியும். தெரிந்தும் அதை மறுக்காமல் வேலையைத் தொடங்கினாள்.

எல்லா இடத்திலும் அப்படி இருந்துவிட முடிவதில்லை. போன வாரம் தலைமையாசிரியர் அழகுசுந்தரம் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, முந்நூறு வருஷம் வாழ்ந்த பரம்பரையடா நாம் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். அவள் ஒரு தாடையெலும்பை எடுத்துக் காட்டினாள். பல்லின் மேடுகள் தேயவே இல்லை, இந்த மனிதனுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்றாள். இதுவரை திறந்த தாழிகளில் நரை கண்டவர்கள் என்று சொல்ல இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள் என்றாள். எதற்கெடுத்தாலும் இல்லை என்பதே ஆபீசரம்மாவுக்கு வழக்கம் என்று மண் சுமந்த பெண்கள் அதை நம்பாமல் சிரித்தார்கள்.

"அப்ப எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய பானை?" என்று கேட்டார் அவர், அடிபட்டவர் மாதிரி.

சில தாழிகளில் வெளியே கிடந்து காய்ந்த எலும்புகளைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள், சிலவற்றில் ஆளையே குத்தவைத்திருக்கிறார்கள், கூடவே கிண்ணங்களும் அரிவாளும் வைக்க இடம் வேண்டுமல்லவா என்றாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஏதோ அணைந்துகொண்டே வந்தது. அதை அவள் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறாள். பாண்டவர் படுத்த குகை என்பார்கள், இல்லை என்பாள். அரக்கன் அடுக்கிய கல் என்பார்கள், இல்லை என்பாள். பன்னிரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவள் செய்த வேலை அந்த ஒரு சொல்தான் என்று சில நாள் தோன்றும். இளையான்குடியில் இருக்கும் அம்மா, ஒவ்வொரு பெருநாளுக்கும் இதைச் சொல்லாமல் விடமாட்டாள்: "ஆமான்னு ஒரு சொல்லு ஒன் வாயில வருமா புள்ள? வந்திருந்தா இந்நேரம் மாலிக் மாப்புள்ளயோட பினாங்குல இருந்திருப்ப."

அன்றைக்குத் திறந்த தாழி மற்றவற்றைவிடச் சிறியது. மூடி கொஞ்சமும் நகராமல் இருந்ததால் மண் அதிகம் இறங்கவில்லை. முழங்கால்கள் மார்போடு மடங்கியிருந்தன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெண் என்று இடுப்பெலும்பைப் பார்த்ததுமே தெரிந்தது. கடைசிக் கடைவாய்ப் பல் தாடைக்குள்ளேயே இருந்தது, முளைக்கவில்லை. பதினெட்டு, மிஞ்சினால் பத்தொன்பது. காலடியில் ஒரு கறுப்புக் கிண்ணம், அதன் மேல் இன்னொரு கிண்ணம், ஈ விழாமல் மூடிவைத்த மாதிரி. அந்த மேல் கிண்ணத்தை அமீனா கடைசியாகத்தான் எடுத்தாள். இடுப்பெலும்பு கிடந்த இடத்து மண்ணைத் தனிக் கூடையில் அள்ளிச் சோணையம்மாளிடம் கொடுத்தாள்.

சல்லடையின் சரசரப்பு சட்டென்று நின்றது.

"ஆபீசரம்மா, இங்குட்டு வாங்க."

கம்பி வலையின் மேல் கிடந்தது, தீக்குச்சி நீளத்தில், அதைவிடச் சற்றே தடித்து, இரு முனையும் மழுங்கிய ஒன்று. பக்கத்தில் அதே போல இன்னொன்று. வளைந்த நூல் மாதிரி நாலைந்து விலா. சோணையம்மாள் அவற்றைத் தொடவில்லை. சல்லடையை ஆட்டாமல், நிறைகுடத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கருத்தையாவுக்குப் புரிந்துவிட்டது. "எலி எலும்புத்தா. தாழிக்குள்ள எலி பூந்து செத்திருக்கும். சலி, சலி, பொழுது போவுது" என்றார்.

"நீ பேசாத மேஸ்திரி. நாலு பெத்தவ நான், எலிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதாக்கும்?" சோணையம்மாள் அமீனாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. யாரு என்ன சொன்னாலும் இல்லேம்பீகளே, இதுக்கும் இல்லேன்னு சொல்லுங்க. உள்ள இருந்தவ சூலியா?"

கூடை சுமந்தவர்கள் அங்கங்கே நின்றுவிட்டார்கள். கருத்தையா கண்ணால் கெஞ்சினார். இன்னும் திறக்காத தாழிகள் பொட்டலில் வட்டம் வட்டமாகச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கிடந்தன. இல்லை என்றால் போதும். பன்னிரண்டு வருஷமாக நாக்கில் தேய்ந்து வழவழப்பான சொல். மூச்சுக்கூட வாங்க வேண்டாம்.

"ஆமா" என்றாள் அமீனா.

ஒருவரும் அழவில்லை, கூச்சல் போடவில்லை. சோணையம்மாள் சல்லடையை மெதுவாகத் தரையில் இறக்கி, முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். கூடைகள் போட்ட இடத்தில் கிடந்தன.

"ஒரு எலின்னு சொன்னா என்னம்மா கொறஞ்சு போயிருவீக?" என்றார் கருத்தையா, எல்லோரும் மறைந்த பிறகு. "அவுக பாட்டுக்கு ஒரு கதைய நம்பிக்கிட்டு ஒங்க வேலையத்தான பாத்தாக? சூலோட செத்தவ கெடக்குற பொட்டல்ல இனி யாரு மண்வெட்டி பிடிப்பா? மிச்சத் தாழிய லாரிக்காரன் தோண்டுவான், பாருங்க."

அவள் எலும்புகளை எடுத்துக்கொண்டு தங்குமிடத்துக்குத் திரும்பினாள். பக்கத்து ஊரான கண்டரமாணிக்கத்தில், ஆள் இல்லாத ஒரு பெரிய வீட்டின் முகப்பு அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து, தீக்குச்சி எலும்புகளைப் பஞ்சில் பொதிந்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தாள். தாயின் இடுப்பெலும்பையும் அதிலேயே வைத்தாள். தனித்தனியாக வைப்பதுதான் முறை. அன்றைக்கு அதற்கு மனம் வரவில்லை. போதும் என்று சொல்லித் தாழிக்குள் இறங்கியவர்கள் என்கிறார்கள். இந்தப் பெண் போதும் என்று சொல்லியிருப்பாளா? எத்தனை காலமாக ஊர் இவளை முந்நூறு வயதுக் கிழவியென்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படி நினைத்தால்தானே அந்த மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்த கையை மறக்க முடியும். இதையெல்லாம் மதுரை அலுவலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. அங்கே எத்தனை தாழி என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. கருத்தையாவும் அவளுமாக ஒரு தாழியின் கழுத்துவரை மண்ணெடுத்தார்கள். ஆள் நின்றுபோன சேதி ஒப்பந்தக்காரருக்கு எட்டி, சாயங்காலமே ஒரு லாரி வந்து பொட்டலின் தெற்கு ஓரத்தில் நின்றது. சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே வந்து நின்றது. "நின்ன வேலைக்கு எதுக்குத்தா மாசிவரைக்கும் காத்திருக்கணும்?" என்றான் டிரைவர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. அவன் சக்கரத்துக்குக் கீழே ஏதோ நொறுங்கிய சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டதுபோலும்.

மறுநாள் காலை, கருத்தையாவைப் பொட்டலில் காவலுக்கு நிறுத்திவிட்டு, டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். பொட்டலிலிருந்து வண்டிப்பாதை ரோட்டில் ஏறும் இடத்தில் சோணையம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் தோள் உயரத்துக்கு இரண்டு செம்பராங்கல் தூண்களை நட்டு, அடியில் புது மண்ணை மிதித்து இறுக்கியிருந்தார்கள். மூன்றாவது கல் தரையில் கிடந்தது.

"வேலைக்கு வந்திருக்கோம்னு நெனச்சிராதீக" என்றாள் சோணையம்மாள்.

"நினைக்கலக்கா."

"சூலோட போனவளுக்குச் சொமை எறங்காது. கல்லு நட்டாத்தான், வழியில போறவுக சொமைய எறக்கி வைக்க வைக்க, அவளுக்கும் எறங்கும். எங்க நாத்துனாளுக்கு நட்ட சொமதாங்கி அந்தா, ஊருணிப் பக்கத்துல இன்னம் நிக்கிது. இவளுக்கு யாருமே நடலையே." கண்ணால் டின்னைக் காட்டினாள். "பேரு என்னன்னு எதுலயும் இல்லையா?"

"இல்லக்கா."

"அதான பாத்தேன். ஒங்க வாயி பழையபடி ஆயிருச்சு." மற்ற இருவரும் சிரித்தார்கள். "அங்குட்டு என்ன வேடிக்கை? நாங்க மூணு பேருதான், கல்லு நாலு ஆளு கல்லு. ஒரு கை பிடிங்க ஆபீசரம்மா. எங்க கல்ல நீங்க தொட்டா ஒண்ணும் கொறஞ்சுறாது, ஒங்க எலும்ப நாங்க தொடலையா?"

அமீனா டின்னை மணலில் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். கல்லின் சொரசொரப்பு உள்ளங்கையைக் கிழித்தது. இடுப்புவரை வந்ததும் இனி முடியாது என்று தோன்றியது. யாரோ முனகினார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், அதில் வந்த சிரிப்பில் கல் இன்னும் ஒரு சாண் ஏறியது. கடைசியில் கரகரவென்று உராய்ந்து இரண்டு தூண்களுக்கும் குறுக்கே உட்கார்ந்தது. நால்வரும் மூச்சிரைக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொட்டலின் பக்கமிருந்து லாரி உறுமத் தொடங்கியது. கருத்தையா கையை வீசி யாரிடமோ கத்துவது தெரிந்தது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

"மொதச் சொமைய எறக்கணும்ல" என்றாள் சோணையம்மாள். "நாங்க மூணு பேரும் வெறுங்கையா வந்திருக்கோம்."

எல்லோரும் மணலில் இருந்த டின்னைப் பார்த்தார்கள்.

அமீனா அதை எடுத்தாள். பஞ்சும் எலும்பும் மட்டும்தான், ஒரு படி அரிசிப் பாரம்கூட இருக்காது. குறுக்குக் கல்லின் நடுவில், ஆடாமல், இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள். ரோட்டின் வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பஸ் நெருங்கி வேகம் குறைந்து, நின்று, காத்திருந்தது. டின்னின் மூடியில் செம்மண் புழுதி மெல்லப் படிந்துகொண்டிருந்தது. அவள் கை அதன் மேலேயே இருந்தது.