நாங்களும் நாமும்

கார் மெக்கானிக்குக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியின் மூன்று வயது மகள் அவரை 'மாமா' என்றே கூப்பிட்டாள். அவள் பேசும் ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் பூரித்துப்போவார். ஆனால் "நாங்க சாப்பிட்டோம், மாமா" என்பாள். அந்த 'நாங்க'வில் தாயும் மகளும் மட்டுமே இருந்தார்கள்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். மனைவி வேலைக்குப் போயிருந்ததால் அவரே தோளில் சாய்த்துக்கொண்டு டாக்டரிடம் போனார். வெளியே வந்ததும் அவள் முனகினாள்.

"மாமா, நாம வீட்டுக்குப் போலாமா?"

"என்ன சொன்னே, கண்ணு?"

"நாம போலாம்."

அவர் அவளை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார். "போலாம்டா."

வேலையிலிருந்து ஓடிவந்திருந்த மனைவி, வீட்டு வாசலிலேயே குழந்தைக்காகக் கை நீட்டினாள்.

"கொஞ்ச நேரம் எங்கிட்டயே இருக்கட்டுமே," என்றார்.