குணசேகரத்தார் சொன்ன படம்

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத் தமிழருக்கெல்லாம் வாய் குணசேகரத்தார்தான். டொக்டரிடம் போனாலும் கொம்யூன் எனும் நகரசபை அலுவலகத்துக்குப் போனாலும் அவர் இல்லாமல் ஒருவருக்கும் ஒன்றும் நடக்காது. டேனிஷ் தெரிந்த மனிதர் அல்லவா! 1986இல் அவருடைய நடையே வேறு.

அந்த மாசியில் மொழிப் பள்ளிக்கூடத்தில் அகதிகளுக்கென்று பழைய படமொன்று போட்டார்கள். யூதர் பேசும் யிடிஷ் மொழிப் படம். கீழே டேனிஷ் எழுத்து ஓடும். ஒரு சின்ன ஊர், ஏழைத் தையற்காரனின் மகன், அவனை விரும்பும் தானிய வியாபாரியின் மகள். வழக்கம்போலக் குணசேகரத்தார் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லத் தொடங்கினார்.

அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், பவளராணி. மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் மன்னார் இளைஞன் நீக்கிலாசை விரும்பினாள். தகப்பனோ ஓல்போர்க் நகரில் கார் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இப்போது மகள் முன்வரிசையில், நீக்கிலாஸ் கதவடியில். இந்தக் காதல் கதையை உள்ளபடி சொல்லுவாரா மனிதர்?

திரையில் பெண் தகப்பனுடன் சண்டை பிடித்தாள்.

"அப்பா சொன்னால் சரிதான் எண்டு சொல்லுறாள்," என்றார்.

அவள் பெட்டியோடு தையற்காரன் மகனின் வண்டியில் ஏறினாள்.

"பெரியம்மா வீட்டை கொண்டுபோய் விடுறான்."

அவன் அவளைக் கட்டிப்பிடித்தான்.

"குளிர்தானே."

பிறகு அந்தத் தகப்பன் தனியே இருந்து மார்பில் அடித்து அழுதார்.

"என்ன சொல்லி அழுறார் அண்ணை?" என்று கேட்டாள் சனத்துக்குள் இருந்த யோகமலர்.

"பல்லுக்கொதி," என்று தன் கன்னத்தைப் பொத்திக் காட்டினார்.

"பொய்!" பவளராணி எழும்பினாள். மகளின் டேனிஷ் தன்னுடையதைவிடத் திறம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஊருக்கு முன்னாலை நிமிர்ந்து நிக்க ஆசைப்பட்டுப் பிள்ளையைத் துலைச்சுப்போட்டன் எண்டு அழுறார்."

பின்னாலிருந்து தவராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "அண்ணை, அப்ப என்ரை நாரிப்பிடிப்பை டொக்டரிட்டை என்னெண்டு சொன்னனீங்கள்? அவர் கண்ணுக்கல்லோ மருந்து தந்தவர்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. குணசேகரத்தாரின் மானம் கப்பலேறியது. "பிள்ளை, நீயே சொல்லு," என்றார்கள். மகள் திரையடிக்கு வந்தாள். அவர் வெட்கத்தில் வேர்த்து, அவளுடைய கதிரையில் போய் விழுந்தார்.

திரையில் தகப்பன் மகளின் ஒற்றையறை வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்னை உள்ளை விடுவியோ எண்டு கேக்கிறார்," என்றாள் பவளராணி.

கீழே ஓடிய எழுத்தை அவராலும் வாசிக்க முடிந்தது. இருந்தும் பயத்தில் கேட்டார்: "மகள் என்ன சொல்லுறாள், பிள்ளை?"

அவள் திரையைப் பார்க்கவில்லை.

"ஓல்போர்க் ஆக்களை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ அப்பா. பிறகு சொல்லுறன்."