ஆளோடு சுருளும் பாய்

1943-ஆம் ஆண்டு வைகாசியிலிருந்து மலாக்காவின் காஜா பேராங்கில் பாயைச் சுருட்டினால் அதில் படுத்திருப்பவரும் சேர்ந்தே சுருண்டார். கம்போங் செட்டிக் குடியிருப்புக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த பாக்கியலட்சுமிதான் அந்தப் பாயை முடைந்தவள். வீட்டுச் சாமான் எதையும் இருந்தபடி விட அவளுக்கு மனம் வராது. குடத்துக்கு மூன்று கால் வைத்தாள். அது தானே கிணற்றுக்குப் போய் வந்தது, வழியில் நின்று ஊர்வம்பு கேட்பதால் மட்டும் சற்றுத் தாமதமாகும். பாய்க்கும் காரணம் எளிதுதான். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து மலாக்காவுக்குக் கப்பல் வருவது நின்றதிலிருந்து, மூட்டை தூக்கும் அவள் கணவர் ராஜரத்தினம் ஆறடி உடம்பை நடுவீட்டில் நீட்டிக் கும்பகர்ணனாய்த் தூங்கினார். எழுப்பிப் பெருக்குவதைவிடச் சுருட்டிப் பெருக்குவது சுலபம் என்று அவளுக்குப் பட்டது. மெங்குவாங் தாழை ஓலையை மூலைக்கு மூலை குறுக்கே பின்னினாள். ஆளும் பாயும் ஒரு கைக்குள் அடங்கின. ‘இடத்தை அடைக்கிற மனுஷன்’ என்று திட்டிக்கொண்டே சுவரில் சாத்துவாள்.

சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் ராஜரத்தினம்தான். நிரம்பக் கவலைப்பட்டார், கவலைப்பட்ட அசதியில் தூங்கிப்போனார். அவளுக்கோ தூக்கம் வரவில்லை. திட்டுவதற்கு இந்த மனுஷன் இல்லாமல் அந்த அறையில் எப்படி இருப்பது? வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் சுருட்டிவிட்டாள். பெயர் எழுத வந்த கிராணி கலியாணசுந்தரமும் ஒரு ஜப்பானியச் சிப்பாயும் உள்ளே நுழைந்தபோது பாய் குறட்டை விட்டது. சிப்பாய் துப்பாக்கி முனையை அதன்மேல் வைத்தான்.

“புதுப் பாய்ங்க ஐயா, ஓலை காயுற வரைக்கும் அப்படித்தான் சத்தம் போடும்,” என்றாள்.

கிராணிக்கு அந்தக் குறட்டையைத் தெரியும், தெருவுக்கே தெரியும். சிப்பாயிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். சிப்பாய் குனிந்து பின்னலைத் தடவிப் பார்த்தான், நல்ல வேலை என்பதுபோல் தலையசைத்தான், வெளியே போனான். கிராணி ‘ஆண் இல்லை, பாய் ஒன்று’ என்று எழுதிவிட்டு, “என் தம்பிக்கும் ஒண்ணு பின்னிக் குடுங்கம்மா,” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அந்த மாதம் இன்னும் பத்துப் பாய் முடைந்தாள். பிறகு ஓலை தீர்ந்துவிட்டது. அடுத்த தெருவிலிருந்து சயாமுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அதை நினைத்து அவள் கடைசிவரை அழுதாள். ராஜரத்தினத்தையும், மற்றப் பாய்களில் சுருண்டு பரண்களில் கிடந்தவர்களையும் வாரம் ஒருமுறை மரவள்ளி வற்றலோடு வெயிலில் காய வைத்தார்கள். சுருண்டவர்களுக்குப் பசிக்கவில்லை, அரிசியைக் கண்ணால் காண முடியாத காலத்தில் அது பெரிய வசதி. 1945 ஆவணியில், ஜப்பான் தோற்றது என்று உறுதியானதும் பாய்களை விரித்தார்கள். கன்னத்தில் பின்னல் பதிந்த பத்துப் பேரும் துறைமுகத்துக்கு வேலை கேட்டுப் போக, இரண்டு வருஷம் தூங்கியவர்களுக்குக் களைப்பு இருக்காது என்று மேஸ்திரி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்.

ராஜரத்தினம்தான் கடைசியாகக் கண் திறந்தார். “பாக்கியம், சயாமுக்கு ஆள் எடுக்க நம்ம வீட்டுக்கு எப்ப வருவாங்களாம்?”

“வந்தாங்க, போயிட்டாங்க,” என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“நல்லதாப் போச்சு,” என்று அவர் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார்.

பாக்கியலட்சுமி அவர் தலைக்கடியில் ஒரு தலையணையை வைத்தாள். சாதாரணத் தலையணைதான்; அதில் அவள் எதையும் மாற்றியிருக்கவில்லை.