ஊசி பிடிக்கவில்லை

வடிவம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. தெல்தோட்டையிலிருந்து பஸ் ஏறிவந்து கண்டி டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் துப்புரவு வேலை பார்த்தாள். ரத்தப் பஞ்சு, சீழ் காய்ந்த கட்டுத்துணி, யாரோ வாந்தியெடுத்த வாளி, எல்லாம் அவள் கைதான். அதிலெல்லாம் அவளுக்குக் குமட்டியதில்லை. போட்டு முடித்த ஊசிகளைச் சாதாரணக் குப்பைப் பைக்குள் எறிந்துவிட்டுப் போகிறார்களே, அதுதான் குமட்டியது.

ஈரலைக் கெடுக்கும் செங்கமாரிக் கிருமிக்கு எதிராக அவளுக்குத் தடுப்பூசி மூன்றும் போட்டிருந்தார்கள். பிறகு ரத்தம் சோதித்த டொக்டர் பிரியாந்தினி, யாழ்ப்பாணத்துக்காரி, ஒளிக்காமல் சொன்னார்.

“உங்களுக்கு ஊசி பிடிக்கேல்லை அம்மா. வயது போனா சில பேருக்கு உடம்பில எதிர்ப்பு வராது. திரும்பப் போட்டுப் பாப்பம். அதுவரைக்கும் குப்பையைத் தொடாதேங்கோ.”

மேனேஜர் மோகனராஜிடமும் அவர் சொல்லிப் பார்த்தார். அவன் வடிவம்மாவைக் கூப்பிட்டு, “மூணும் போட்டாச்சுதானே? அப்புறம் என்னா பயம்? போய் வேலையப் பாருங்க” என்றான்.

அடுத்த வாரமே, பையைத் தூக்கும்போது கையுறையைக் கிழித்துக்கொண்டு ஊசி உள்ளங்கையில் ஏறியது. யாருடைய ரத்தமோ! சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நின்றவளிடம் மோகனராஜ் மூக்கைப் பொத்தியபடி, “நோயாளிங்க பாக்கிற இடத்துல நிக்காதீங்க” என்றான்.

அவள் அந்தப் பையை ஒரு வாளிக்குள் வைத்துத் தூக்கிப்போய் அவன் மேசைமேல் வைத்தாள். பையின் கிழிசல் வழியே ஊசி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“எது குத்துச்சின்னு கைய விட்டுத் தேடிப் பாருங்க.”

அவன் கதிரையைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான். அவள் அத்தோடு வேலையை விட்டாள்.

அன்றே பிரியாந்தினி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், உடம்பு உண்டாக்காத எதிர்ப்புச் சத்தை நேரடியாகவே தரும் மருந்தை ஏற்றவைத்தார். தடுப்பூசியும் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தபோது கிருமி தொற்றியிருக்கவில்லை. ஆனால் இம்முறையும் ஊசி பிடிக்கவில்லை.

“அப்ப அந்த ஊசி சும்மாவா டொக்டர்?”

“இல்லை அம்மா, கனபேருக்குப் பிடிக்கும். இளமையில போட்டிருந்தா உங்களுக்கும் பிடிச்சிருக்கும். இருபது வருசமா இந்த வேலை செய்தீங்களே, அப்பவே ஒருத்தரும் போடேல்லையா?”

“அப்பல்லாம் எங்களை யாரு பாத்தா?”

திரும்பும்போது பஸ்ஸில் கஜலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். கிளினிக்கில் இப்போது அவள்தான் குப்பை அள்ளுகிறாள்.

“ஒனக்கு ஊசி போட்டாங்களா?”

“இன்னும் இல்லக்கா. பாத்துப் போடலாம்னு மேனேஜர் சொன்னாரு.”

வடிவம்மா ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினாள்.