பச்சைக்கல் பாலாடை

காரைக்குடியில் பெய்யும் பனிக்கு முன்னால் இமயமலைப் பனியெல்லாம் கால்தூசு பெறாது. சித்திரை மாதத்து உச்சிவெயிலில், தார் உருகி ஓடும் தெருவில், ஒரே ஒரு வீட்டு முற்றத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டியதை இந்த ஊர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் வடகம் அதுபாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். இங்கே இழவுக்கு வந்தவர்கள் கம்பளி எடுத்துவர மறந்ததற்காக ஒருவரையொருவர் கடிந்துகொள்வார்கள். குலு மணாலிக்குத் தேனிலவு போய்த் திரும்பிய ஜோடி ஒன்று, சாக்கோட்டையில் பெரியப்பா செத்த வீட்டுப் பனியைப் பார்த்துவிட்டு, இதற்காகவா அவ்வளவு தூரம் போனோம் என்று வாய்விட்டு அழுதது. பெரியப்பாவுக்காக அழுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நம்பாதவர் ஊரிலேயே ஒருவர்தான். செக்காலையில் குடியிருக்கும் மரியசூசை வாத்தியார், தேவகோட்டைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். விழுந்ததெல்லாம் இலவம்பஞ்சு என்பது அவர் கட்சி. வெயிலில் காய் வெடிக்கிறது, காற்று வாக்கில் ஒரு வீட்டில் போய் விழுகிறது, அவ்வளவுதான். "குளிருச்சே சார்?" என்று டீக்கடை நெல்சன் கேட்டால், "இழவு வீட்டுல யாருக்குடா குளிராது?" என்பார். நெல்சன் அவரிடம் படித்தவன். அதனால் அத்தோடு விட்டுவிடுவான்.

பனிக்குக் காரணம் சிகப்பி ஆச்சி வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. ஆச்சியின் மாமனாருக்குத் தகப்பனார் ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில், அரசனைப் பறிகொடுத்துவிட்டு ஊர் ஊராக ஓடிவந்த ரஷ்யாக்காரர் ஒருவர் காய்ச்சலோடு அவர் கடை வாசலில் விழுந்தார். செட்டியார் ஊற்றிய மிளகு ரசத்தில் எழுந்து உட்கார்ந்தவர், கோட்டுக்குள்ளிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். பாசி நிறக் கல்லில் குடைந்த ஓடம் போன்ற பாத்திரம். முன்னால் வாத்தின் மூக்கு மாதிரி ஒரு வளைவு. பின்னால் தங்கத்தில் பிடி. பிடியில் இரட்டைத்தலைக் கழுகு. ஊருக்குக் கொண்டுவந்ததும் பெண்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாட்டசாட்டமானவை, அவற்றுக்குப் பால் புகட்டும் பாலாடைதான் இது என்று முடிவு செய்தார்கள். கழுகைக் கண்டபேரண்டப் பட்சி என்று கும்பிட்டுக் குங்குமம் வைத்தார்கள்.

ஆனால் இதில் பால் குடித்தது எந்தப் பிள்ளையும் இல்லை. உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு மண்ணாசை இருந்தால் நிலத்து மண்ணைக் கரைத்தும், பொன்னாசை இருந்தால் பொன்னை உரைத்தும் வாயில் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கல்லும் பொன்னும் ஒன்றாக இருக்கிற பாத்திரத்தில் பால் விட்டால் இரண்டு ஆசையும் ஒரே மடக்கில் தீருமே என்று யாருக்கோ தோன்றியது. ரங்கூன் செட்டியாருக்கே முதலில் ஊற்றினார்கள். அவர் சிரித்த முகமாகப் போனார். வீட்டு வளவு முற்றத்தில் பனி பெய்தது. அன்றிலிருந்து சாதி சனம் பார்க்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் பாலாடை போய் வந்தது. போனவரின் தன்மைக்கு ஏற்றாற்போல் பனியும் மாறும். யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவர் வீட்டில் ஆலங்கட்டி விழுந்து ஓடு உடைந்தது. மருமகளைப் படுத்தியெடுத்த ஒருத்தி வீட்டில் சேறாகவே கொட்டியது. அதையும் மருமகள்தான் அள்ளினாள்.

போன வருடம் பங்காளிகள் எல்லோரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டு ஆச்சியின் அந்தப் பெரிய வீட்டைப் பிரித்து விற்றார்கள். தூண் ஒரு லாரியில், கதவு ஒரு லாரியில் போனது. பழம்பொருள் வாங்கும் கார்த்திக் பாலாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆச்சி, இது ரஷ்யாவுல ராஜாக்க சாராயம் குடிக்கிற பாத்திரம். கோவ்ஷ்னு பேரு."

"அடப்பாவி! அப்ப இத்தனை பேரையும் குடிகாரன் கோப்பையிலயா வழியனுப்புனோம்?" என்ற ஆச்சி, கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதான் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போயிருக்காக" என்றார்.

அதே வாரம் வாத்தியாரின் மனைவி யூஜினியாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குள் போய்விட்டது. ஆலயத்துச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குத் தரும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். உயிர் போகவில்லை, வலியும் போகவில்லை. மகள் வின்சி பாலாடை என்று வாயெடுத்தபோதெல்லாம் வாத்தியார் எழுந்து வெளியே போனார். கடைசியில் யூஜினியாவே கூப்பிட்டார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மாட்டுக்குடில் மேல் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பனி என்று போட்டவர் அவர்.

"ஏங்க, பஞ்சு போட்டுப் போட்டுக் கை சலிச்சிருச்சு. ஒரு தடவை நெசத்தப் பாக்கணும்."

"அதெல்லாம் புளுகு, யூஜினி."

"இருக்கட்டும். எனக்காக ஒரு புளுகு வாங்கியாங்க."

வாத்தியார் போய்ச் சேர்ந்தபோது லாரி கிளம்ப நின்றது. பாலாடையைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கதவில்லாத வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, இங்குட்டு வந்திருக்கீக? பஞ்சு பொறுக்கவா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். ஆச்சி லாரிப் பக்கம் திரும்பினார். "ஏலே கார்த்திக், ஆணியப் பிடுங்கு."

"ஆச்சி, கொச்சியில ஆளு காத்துக்கிட்டிருக்கு…"

"காத்திருக்கட்டும். இங்க ஒருத்தி காத்துக் கெடக்கா."

பிற்பகலில் வாத்தியாரே பால் ஊற்றினார். பாதி தலையணையில் போயிற்று. ஒரு மடக்கு இறங்கியதும் யூஜினியாவின் முகத்திலிருந்த வலி, விளக்கை அணைத்தது போலப் போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி, "வந்துருச்சு பாருங்க" என்றார். அப்புறம் பேசவில்லை.

செக்காலையில் அன்றைக்குப் பெய்தது போன்ற பனி அதற்கு முன்னால் பெய்ததில்லை. சத்தமே இல்லாமல், ஆலயத்தில் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம் அளவுக்கு அகலமாக, பிய்த்துப் பிய்த்துப் போட்டது மாதிரி விழுந்தது. முருங்கை மரம் வெள்ளையாக வளைந்து நின்றது. துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரு காகம் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. வாத்தியார் வெளியே வந்து ஒரு பிடி அள்ளினார். பஞ்சாக இருந்தால் பற்றும் என்று தீக்குச்சியைக் கிழித்து அதில் வைத்தார். சுர்ரென்று அணைந்தது. இன்னொரு குச்சி கிழித்தார். பெட்டி காலியாகும்வரை கிழித்தார். உள்ளங்கையில் இருந்தது உருகி முழங்கை வழியாக வழிந்தது.

பாலாடை அன்று மாலையே லாரியில் ஏறிவிட்டது. இப்போது ஏதோ ஒரு நாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். அங்கே அதில் யாரும் பால் ஊற்றுவதில்லை. காரைக்குடியில் சாகிறவர்கள் வெயிலிலேயே சாகிறார்கள்.

டிசம்பரில் குடில் கட்ட நெல்சன் வந்தான். வழக்கமாக யூஜினியா கேட்டு வாங்கும் பஞ்சுப் பொட்டலத்தை, யாரும் சொல்லாமலே கொண்டுவந்திருந்தான். வாத்தியார் அதை வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏன் சார்?"

"அன்னைக்குப் பேஞ்சது பனிதான்டா" என்றார் வாத்தியார். "அதப் பாத்தவளுக்கு இனிமே பஞ்சக் காட்டக் கூடாது."